மெல்லிசுப் பட்டை

இருங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு ரோட்டத் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன். நீங்க வெளிய வர வேணாம், வண்டிக்கு அடியிலயே இருங்க. படுத்துக்கிட்டே கேட்டாப் போதும். நடுவுல நடுவுல காலை மட்டும் ஆட்டுங்க, கேக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கறேன்.

இன்னும் நிக்கிறாரு. இப்பல்லாம் இப்படித்தான். ஆயுசு பூரா ரோட்டுலயே கிடந்த மனுஷன், நடந்து தாண்டறதுன்னா மட்டும் துணைக்கு யாராவது வேணும். அதோ ஒரு அம்மா பையத் தூக்கிட்டு வருது பாருங்க, அந்தம்மா இறங்கும், இவரும் கூடவே இறங்குவாரு. சொன்னேன்ல? தாண்டியாச்சு. கடைக்குள்ள போயிட்டாரு. இனி சீக்கிரம் வரமாட்டாரு. வண்டி பாரம் பூராத் தாங்கற வில்லுப் பட்டைய இறுக்கற போல்ட்டுன்னா சும்மாவா, மரை சரியில்ல, துரு பிடிச்சிருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துத் தடவித் தடவிப் பாத்து, கடைக்காரன் உயிர எடுத்துட்டுத்தான் வருவாரு. அதுக்குத்தான், புதுப் போல்ட்டு வேணும்னு நீங்க சொன்னதும், நீங்களே போயி வாங்கிட்டு வாங்க, பட்டறை ஆளுங்க போனா கடைக்காரன் பழசத் தலையில கட்டிருவான்னு அவர நான் அனுப்பி வெச்சேன்.

ஆமாமா, எனக்கு இடுப்பு வலி தான். உங்க அண்ணன் உங்ககிட்ட சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. இந்த வண்டியில ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தாத் தெரியும். லோடு இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. பின்னாடி டைல்ஸ் பெட்டிய அடுக்கிட்டா வண்டி நல்லா அழுந்தி, தொட்டில் மாதிரி போகும். இறக்கிப் போட்டுட்டுக் காலியாத் திரும்பறோம் பாருங்க, அங்க தான் இருக்கு கச்சேரி. ஒரு பொடிக் கல்லு மேல ஏறினாக் கூட பின்பக்கம் எகிறி அடிக்குது. உரல்ல போட்ட மாதிரி குத்து வாங்கிட்டே வரணும். வீட்டுக்குப் போனா குனிஞ்சு செருப்பக் கழட்ட முடியல தம்பி. உதறி உதறித்தான் கழட்டறேன். நேத்து ஒத்தச் செருப்பு பறந்து போயி பக்கத்து வீட்டுக்காரம்மா காயப் போட்ட துணி மேல விழுந்துச்சு. திட்டாம எடுத்துக் குடுத்துட்டுப் போச்சு. என் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டிருக்கும்.

பட்டை கனம் தான், தெரியும். நீங்க தானே போட்டுக் குடுத்தீங்க. மக கல்யாணம் கூடி வந்தப்ப, ஒரே நடையில ரெண்டு நடைச் சரக்க அடிச்சிரணும்னு, இருந்த பட்டைக்கு அடியில இன்னும் தடியா ஒண்ணு சேத்துப் போட்டாரு. ஊர்ல மத்தவங்க மக கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டம் சேப்பாங்க, இவரு வண்டிக்குப் பட்டை சேத்தாரு. மக போயி அவ பிள்ளையே பள்ளிக்கூடம் போவுது. அந்தப் பட்டை மட்டும் போகல.

அப்ப எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி? நான் எங்க வண்டியில ஏறினேன்? வருஷத்துக்கு ஒரு வாட்டி, ஏதாவது விசேஷம்னா ஏறுவேன். இப்ப தானே தினமும்.

அது ஏன்னு கேக்கறீங்களா? எல்லாரும் கேக்கறாங்க, நீங்க கேக்கறதுக்கு என்ன. உங்க அண்ணனுக்குத் திடீர்னு பொண்டாட்டி மேல பாசம் பொங்கிருச்சு. போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் காலையில, நான் பாத்திரம் விளக்கிட்டு இருக்கேன், வாசல்ல வண்டிய உறும விட்டுட்டு வந்து நிக்கிறாரு. என்னங்க மறந்துட்டீங்கன்னேன். நீயும் வாயேன்னாரு. எங்கன்னு கேட்டா, சும்மா, துணைக்குன்னாரு. எனக்குக் கை ஈரம், புடவை ஈரம். யாரோ செத்துட்டாங்க, நேராச் சொல்லாம கூட்டிட்டுப் போறாருன்னு தான் நெனச்சேன். பாதி வழி வரைக்கும் யாரு யாருன்னு மனசுக்குள்ள ஒவ்வொரு சொந்தமா எண்ணிட்டு வந்தேன். கடைசியில பாத்தா நெசமாவே சும்மா தான்.

மறுநாளும் வாயேன்னாரு. அதுக்கு மறுநாளும். அப்புறம் கேக்கறதே இல்ல, நான் கதவப் பூட்டிட்டு வர்ற வரைக்கும் ஹாரன் அடிச்சிட்டு நிப்பாரு. தெருவே சிரிக்குது. மூலை வீட்டுல தையக்காரர் இருக்காரு, வாய் சும்மா இருக்காது அவருக்கு, புதுப் பொண்ணு கிளம்பியாச்சான்னு கேப்பாரு. மக ஃபோன் பண்ணா, என்னம்மா, உங்க ஊர்சுத்தல் எப்படிப் போகுது, அப்பாவுக்கு இப்ப தான் நீ கண்ணுல தெரிஞ்சியான்னு கிண்டல். நானும் சிரிப்பேன்.

சிரிச்சேன் தம்பி, ஏன் பொய் சொல்லணும். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அந்த மனுஷன் கல்யாணம் ஆன நாள்லேருந்து என்கிட்ட பேசினத எல்லாம் சேத்தா ஒரு தபால் கார்டுல அடங்கிரும். சோறு போடு, தண்ணி குடு, வரேன். அவ்வளவு தான். கெட்ட மனுஷன் இல்ல, கை நீட்டினது இல்ல, குடிச்சது இல்ல. வாய் தான் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆளு ஸ்டியரிங்கப் புடிச்சா இப்ப வாய மூடறது இல்ல. அந்தப் பக்கம் என்னங்கறாரு. புதுசா என்னமோ கட்டறாங்க போலயே, என்ன கட்டறாங்க? அந்த பஸ்சு கிளம்பிருச்சா, இன்னும் ஆள் ஏறுதா? அந்தக் கடையில என்ன போர்டு மாட்டியிருக்கான்? அங்க யாரோ நிக்கிறாங்களே, நமக்குத் தெரிஞ்சவங்களா பாரு. நானும் உக்காந்து கதை சொல்ற மாதிரி சொல்லிட்டே வருவேன். ஒரு ஆட்டோ நிக்குதுங்க. ஒரு அம்மா பிள்ளையக் கையில புடிச்சிட்டு நிக்குது, தாண்டப் போற மாதிரி இருக்கு, நில்லுங்க. தாண்டிருச்சு. இப்ப ஒண்ணும் இல்லீங்க, காலி தான், திருப்புங்க. சொன்ன உடனே திருப்புவாரு. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. நான் சமைக்கிற குழம்ப இந்த மனுஷன் நம்பினது இல்ல, உப்புப் போட்டியான்னு கேட்டுட்டுத்தான் பிசைவாரு. ரோட்டுல நான் சொன்னாச் சரி.

அது ஒரு மாதிரி பெருமையாத்தான் இருந்துச்சு மொதல்ல. நானும் தப்பாச் சொன்னது இல்ல. நாய் நின்னா நாய் நிக்குதும்பேன். குட்டி நாயா பெரிய நாயான்னு அவரு கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன்.

என்ன? தூங்க வேண்டியது தானேவா? நல்லாக் கேட்டீங்க. தூங்கறதுக்கு விட்டாத் தானே! மத்தியானம் ரெண்டு வாய் சோத்தப் போட்டுட்டு ஏறினா, அந்த வெயிலுக்கும் அந்தக் காத்துக்கும் கண்ணு சொக்கும். தலை இப்படிச் சாயறதுக்குள்ள, ஏய், தூங்காத, பேசிட்டு வா, அந்தப் பக்கம் என்னன்னு ஆரம்பிச்சிருவாரு. முந்தி எல்லாம் கோவம் வந்தா எரிஞ்சு விழுவேன். இப்ப அவரு சொல்லவே வேண்டியதில்ல. நானே தூங்கறது இல்ல. காலையில ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். இமைக்கறதுக்குக் கூட பயம். வீட்டுக்குப் போயிப் படுத்தாலும் ரோடு ஓடிட்டே இருக்கு தம்பி, கண்ண மூடினா ஒரு சைக்கிளு, ஒரு ஆடு, ஒரு கிழவன். ஆட்டோ ஆட்டோன்னு தூக்கத்துல உளறறேனாம். அவரு தான் சொன்னாரு. சொல்லிட்டு, என் முதுகத் தட்டிக் குடுத்துட்டுப் படுத்துட்டாரு.

அந்தக் கீறலா? அது ஒண்ணும் இல்ல, கிடங்கு கேட்டுல உரசினது. அதுவா, அது ஒரு வீட்டுச் சுவரு. அது என்னன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கண்ணாடியக் கம்பி போட்டுக் கட்டினது நான் தான், நல்லா இருக்குல்ல? எல்லாம் ஒரே பக்கமாவா இருக்கு? நான் உக்கார்ற பக்கமாச்சே, என் கனம் தாங்காம வண்டி அந்தப் பக்கமே இழுக்குது போல. எல்லாம் நான் ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பட்டது தான், நான் வந்த பிறகு ஒரு கீறல் கிடையாது. சரி, அத விடுங்க. அவரு வந்துடுவாரு. நான் வந்த விஷயத்தச் சொல்லிடறேன்.

அந்த மூலையில கொக்கியில தொங்குதே, ஒரு ஜோடி. காலையில அவரு கேட்டப்ப நீங்க சொன்னீங்களே, இதே கம்பெனி வண்டி தான், ஆனா ஆள் ஏத்தறதுக்குன்னு வந்தது, அதுல இருந்து கழட்டின பட்டை, மாட்டினா ஊஞ்சல் மாதிரி இருக்கும், ஆனா லோடு தாங்காதுன்னு. அவரு கூட, அய்யய்யோ அது நமக்கு ஆகாது, நீ அடியில இருக்கற தடிப் பட்டைய மட்டும் எடுத்துட்டுக் கொஞ்சம் மெல்லிசா ஒண்ணு போட்டாப் போதும்னாரு. நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

தம்பி, அதையே மாட்டிருங்க.

ஏன் தட்டறத நிறுத்திட்டீங்க? வெளிய வர வேணாம்னு சொன்னேன்ல. சரி வாங்க, வந்துட்டீங்க. மூஞ்சியில கிரீசு, தொடைங்க.

லோடு தாங்காது, தெரியும். அதுக்குத்தான் தம்பி கேக்கறேன். தாங்கக் கூடாது.

இல்ல, நான் சுயபுத்தியோட தான் பேசறேன். நீங்க பயப்படறது எனக்குப் புரியுது, மெல்லிசுப் பட்டை மேல அந்தப் பாரத்த ஏத்தி, அது நடு ரோட்டுல முறிஞ்சா என்ன ஆகறதுன்னு தானே? முறியாது. ஏத்தவே மாட்டாரு. உங்க அண்ணன் லோடு ஏத்தினதும் என்ன செய்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏத்தி முடிச்சதும் எல்லாரும் கயிறத்தான் கட்டுவாங்க, இவரு கட்டமாட்டாரு. மொதல்ல பின் சக்கரத்துக்கிட்ட குந்துவாரு. அந்த அச்சுக்கும் மேல சட்டத்துக்கும் நடுவுல ஒரு ரப்பர் கட்டை இருக்குல்ல, அந்தச் சந்துல விரல மடக்கிக் கைய விட்டுப் பாப்பாரு. மடக்கின கை தாராளமா உள்ள போனா ஏறு, கிளம்பு. கை இடிச்சுதுன்னா ஒரு பெட்டிய இறக்கச் சொல்வாரு. மறுபடி கைய விடுவாரு. இடிச்சா இன்னொண்ணு இறக்கு. கிடங்கு முதலாளி வந்து கத்தினாலும் சரி, சரக்குக்காரன் கால்ல விழுந்தாலும் சரி, கை போகலன்னா வண்டிய எடுக்கமாட்டாரு. மக கல்யாணத்துக்கு ரெட்டை நடை அடிச்சாரே, அப்பக் கூட கை போன பிறகு தான் கிளம்பினாரு. அவரு ஆரச் சந்தேகப்பட்டாலும் அந்தக் கையச் சந்தேகப்படமாட்டாரு.

அப்ப, இந்தப் பட்டைய நீங்க மாட்டிட்டீங்கன்னா, பாதி லோடு ஏறும் போதே கை இடிக்கும். கால் லோடு. இறக்கு, இறக்கு, இறக்குன்னு இறக்கி, கடைசியில நாலு பெட்டியோட எவன் வாடகை குடுப்பான்? வண்டி நிக்கும். காலி வண்டிய ஓட்டற ஆளா அவரு? கடைக்குப் போகணும்னாக் கூட நடந்து தான் போவாரு, வண்டின்னா சரக்குக்கு, சும்மா எடுத்தா அது என்ன நெனைக்கும்பாரு. வண்டி என்ன நெனைக்குமாம்!

கண்டுபிடிச்சுருவாரா? எப்படிக் கண்டுபிடிப்பாரு? எண்ணிக்கை ரெண்டும் ஒண்ணு தானே? காலையில நீங்க உள்ள போனப்ப நான் போயித் தொட்டுப் பாத்தேன், எண்ணினேன். நீங்க அடியில எடுக்கப் போறத எடுத்துட்டு மெல்லிசா ஒண்ணு வெச்சா எத்தன பட்டை வருமோ அத்தன தான் அதுலயும் இருக்கு. கனம் தான் கம்மி. கறுப்பு மையத் தடவி, கிரீச அப்பி மாட்டிட்டீங்கன்னா எது எதுன்னு யாருக்குத் தெரியும். நான் இப்ப அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், சாப்பாடு, ஒரு தூக்கம். சாயங்காலம் வந்து எடுத்துக்கறோம். சொல்லும் போது, அடிப் பட்டைய மாத்தியாச்சுண்ணே, அண்ணிக்கு இனி இடுப்பு வலிக்காதுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே? வலிக்காது தானே?

ஆமா, திரும்பி வருவாரு. உங்ககிட்ட தான் வருவாரு, வேற பட்டறை வாசல் மிதிக்கமாட்டாரு. வந்து, என்னடா போட்ட, கை போகலேம்பாரு. அங்க தான் தம்பி நீங்க எனக்கு உதவணும். அடியில பூந்து கொஞ்ச நேரம் தட்டிட்டு வெளிய வந்து, அண்ணே, பட்டை நல்லாத்தான் இருக்கு, மேல சட்டம் தான் சோந்துருச்சு, இரும்புக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே, இனி இதுல எந்தப் பட்டை போட்டாலும் உக்காந்துரும், வண்டி உழைச்சது போதும், விட்டுருங்கன்னு சொல்லணும். அவ்வளவு தான். இத நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு.

நேரா சொல்லிப் பாக்கலையான்னு கேக்கறீங்க. எத நேராச் சொல்றது? நீங்க ஓய்ஞ்சுட்டீங்க, வீட்டுல உக்காருங்கன்னா? உங்க அண்ணனப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா. அவருக்குக் காய்ச்சல்னா வண்டி ஓடும். வண்டிக்குக் காய்ச்சல்னாத்தான் இவரு படுப்பாரு. ஒரு வாட்டி எஞ்சின இறக்கி வேலை பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த நாள் பூரா எங்க வீட்ட வந்து பாத்திருக்கணும். கட்டில் கால் ஆடுதுன்னு சரி பண்ணாரு, அரிசி களைஞ்சு குடுத்தாரு, எதிர் வீட்டுக் குழந்தைக்குக் காகிதத்துல லாரி செஞ்சு குடுத்தாரு. யாரு வந்து கேட்டாலும், வண்டி வேலைக்குப் போயிருக்குன்னு நெஞ்ச நிமித்திட்டுச் சொல்வாரு. அதுல அவருக்கு ஒரு குறைச்சலும் இல்ல. அப்ப தான் எனக்குத் தோணுச்சு, வண்டிக்கு வயசாச்சுன்னா இந்த மனுஷன் ஒத்துக்குவாரு. அதுக்காக ஒரு பாட்டம் அழக் கூட அழுவாரு, அழட்டும். ஆனா நல்லா இருப்பாரு. வண்டி நின்னதால வீட்டுல இருக்கற ஆளா இருக்கட்டும் தம்பி. ஆளு நின்னதால வண்டி நின்னுச்சுன்னு இருக்க வேணாம். அத அவரு தாங்கமாட்டாரு, அத அவரு மூஞ்சியில பாக்க எனக்கும் தெம்பு இல்ல.

உங்க பேரு கெடும், ஆமா. இல்லைன்னு சொல்லல. இந்த ரோட்டுல பட்டை வேலைன்னா உங்க பட்டறை தான், அவரே ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாரு. அவரு வாயாலயே, அவன் கிட்ட குடுத்தேன், சரியா அமையலன்னு ஒரு வார்த்தை வந்தாலும் வரும். பெரிய விஷயம் தான் கேக்கறேன். நீங்க யாரோ நான் யாரோன்னா கேட்டிருக்கமாட்டேன். அண்ணி அண்ணின்னு கூப்பிடறீங்களேன்னு ஒரு உரிமையில கேக்கறேன்.

தலைய ஆட்டறீங்க. முடியாதுங்கறீங்க. அவரு உங்கள நம்பி வண்டிய விட்டுட்டுப் போயிருக்காரு, அவருக்குத் தெரியாம ஒரு மரைய மாத்தினாலும் துரோகம்ங்கறீங்க. சரியாத்தான் சொல்றீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்வேன். உக்காருங்க, நின்னுட்டே இருக்காதீங்க.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. மககிட்டக் கூடச் சொல்லல. பள்ளிக்கூடம் விடற நேரம். அந்த மேட்டுலேருந்து இறங்கி நாங்க உள் ரோட்டுக்குத் திரும்பறோம். எனக்குத் தும்மல் வந்துச்சு தம்பி. தும்மினேன், அவ்வளவு தான். தும்மல்னா கண்ணு தானா மூடுது, நான் என்ன செய்ய. திறந்தா, கதவுக்கு இந்தப் பக்கம், என் கை நீட்டினாத் தொட்டுரலாம், ஒரு பொண்ணு சைக்கிள்ல. யூனிஃபார்ம், ரெட்டை சடை. நான் கத்தினேன். என்ன கத்தினேன்னே தெரியல. அவரு பிரேக்க மிதிச்ச மிதியில என் நெத்தி முன்னாடி இடிச்சுது. இதோ பாருங்க, முடி மறைக்குது, இங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அது திரும்பிக் கூடப் பாக்கல, பாட்டு மாதிரி என்னமோ முனகிட்டே போயிருச்சு. அதுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போயி வழக்கம் போல சாப்பிட்டிருக்கும், வீட்டுப்பாடம் எழுதியிருக்கும்.

இவரு ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. பின்னாடி இருக்கறவன் எல்லாம் ஹாரன் அடிக்கறான். அப்புறம் என்னக் கேக்கறாரு, சைக்கிளா, ஸ்கூட்டரான்னு.

ம். அதே தான் கேட்டாரு.

அன்னிக்கு முடிவு பண்ணேன். என்னால இனி முடியாது தம்பி. நானும் மனுஷி தானே, ஒரு நாள் தும்முவேன், ஒரு நாள் அசந்துருவேன். என் இடுப்புக்காகத் தான் அவரு பட்டைய மாத்தறாரு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. குனிய முடியலன்னு நான் சொன்ன அன்னிக்கு அவரு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா இன்னொண்ணும் இருக்கு, நான் வரலன்னு சொல்லிட்டா நாளைக்கு அவரு எப்படிப் போவாரு? அந்தப் பயத்துக்கும் தான் இந்தப் பட்டை. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு அவரு மனசுல, அது எனக்கு நல்லாத் தெரியும், அதுக்காக நான் அவர ஒண்ணும் குறையாவும் நெனைக்கல.

வந்துட்டாரு. கடை வாசல்ல நிக்கிறாரு, பொட்டலத்தோட. மறுபடியும் துணைக்கு ஆளு தேடறாரு. நேரமாகும்.

நீங்க யோசிக்க வேணாம், உங்களுக்கு முடியலன்னா அவரு சொன்ன மாதிரியே செஞ்சிருங்க. நான் நாளைக்கும் ஏறிக்கறேன், ஏறாம என்ன செய்யப் போறேன். ஒண்ணு மட்டும். அந்த ஜாக்கிய காலால இப்படித் தள்ளி விடுங்க, அவரு வர்ற வழி. இல்ல, இன்னும் தள்ளி. அவரு வந்ததும் நீங்க அந்தப் பக்கம் நின்னு பேசாதீங்க, அவருக்கு வலது கைப் பக்கம் வந்து நில்லுங்க. இடது பக்கம் நின்னா நீங்க நிக்கறதே அவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணு போயி எத்தனையோ மாசம் ஆகுது. மழைக்கு முன்னாடியே போயிருக்கும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. ஒரு நாள் வீட்டுல இடது பக்கமா நின்னு டீ டம்ளர நீட்டினேன், பேசாம. ஆறுற வரைக்கும் நீட்டிட்டே நின்னேன். அப்புறம் சுத்திட்டு இந்தப் பக்கம் வந்து, இந்தாங்கன்னேன். இவ்வளவு நேரம் எங்க போனன்னு கேட்டாரு.

என்ன தம்பி? கொக்கிக்கிட்ட எதுக்குப் போறீங்க?

சரி. சரி தம்பி.

வாங்க, வாங்க. கிடைச்சுதா? எல்லாம் புதுசு தானே, தடவிப் பாத்துட்டீங்கல்ல? அப்ப சரி. இப்படி உக்காருங்க, இந்த ஸ்டூல்ல. இல்லீங்க, வாசலப் பாத்து உக்காருங்க, காத்து வரும். தம்பி சாயங்காலம் வரச் சொல்லியிருக்கு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவோம். நானா? நான் என்ன பேசப் போறேன், என் இடுப்பு வலியச் சொல்லிப் புலம்பிட்டு இருந்தேன், பாவம், அதுவும் கேட்டுட்டு இருந்துச்சு.

என்ன சத்தமா?

அந்தப் பக்கமா?

ஒண்ணும் இல்லீங்க. காலி தான்.